தீவும் செருகுவாயும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் நாட்டுப் பழமொழி. கல் தேய்வதைக் கண்ணாரக் கண்டவர் சிலரே. ஆயினும் அதனினும் நுட்பமான தேய்மானம் ஒன்று இன்று நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்கின்றது. கணிப்பொறியின் விலாப்புறத்தில் சிறு சன்னல் போன்றதொரு வாய் இருக்கின்றது. அதில் பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ செருகுகின்றோம். வேலை முடிந்ததும் இழுக்கின்றோம். மறுநாள் மீண்டும் செருகுகின்றோம். ஒவ்வொரு முறையும் உலோகத்தின் மீது உலோகம் உரசுகின்றது; கண்ணுக்குப் புலப்படாத அளவு பொன் அங்கே உதிர்கின்றது. பொன் என்று நாம் கூறுவது உவமையன்று, உண்மைப் பொன்னே.

கடைகளில் யூ.எஸ்.பி. போர்ட் என வழங்கும் இந்தச் செருகுவாயின் வரலாற்றை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலிருந்து நோக்குவது பொருத்தமாகும். ஏனெனில், நெடுநாள்வரை அத்தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே பெரிய செய்திகள் யாவும் ஒருவர் கையில் எடுத்துச் சென்று செருகும் பொருளாகவே கடல் கடந்தன. பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது அயலார் கதையன்று. ஊரையும் உறவையும் ஒரு பைக்குள் வைத்து எடுத்துச் செல்லும் வாழ்க்கை நம் எல்லோர்க்கும் பழக்கமானதே.

1858ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம் அதுவே. சென்னையிலிருந்து அது கடல்வழியாக ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. கைதிகளாகச் சென்றவர், கூலி வேலைக்குச் சென்றவர், அரசு ஊழியத்துக்குச் சென்றவர், இலங்கையிலிருந்து திரும்பிக் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தவர் எனப் பல வழிகளில் தமிழர் அங்கே சேர்ந்தனர். 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்.

இத்தனை பேர்க்கும் ஊரிலிருந்து செய்தி எவ்வாறு வந்தது? முதலில் தபால் கப்பல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பர்மாக் கரையோரத்து டைமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அமைந்தது. 1963இல் போர்ட் பிளேர் வானொலி நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. 1980களில் இன்சாட் செயற்கைக் கோள்கள் வந்தன. பின்னர் இணையம் வந்தபோது, அதுவும் வானத்துக்கு ஏறி இறங்கியே தீவை அடைய வேண்டியதாயிற்று. செயற்கைக் கோளோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றது. மேலே சென்று கீழே வருவதற்கே கால் விநாடி ஆகும். அன்றியும், அவ்வழி மிகக் குறுகியது, விலையோ மிகுதி. தீவுகள் யாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த கொள்ளளவு விநாடிக்குச் சில ஜிகாபிட்டுகளே. அதனை அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மருத்துவமனைகளும் வீடுகளும் பங்கிட்டுக்கொண்டன. ஒரு நிழற்படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்று நாம் வேடிக்கையாகக் கூறிக்கொள்வதுண்டு.

ஆதலின் மக்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். சென்னைக்குச் சென்று வருபவர் பையில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். திரைப்படம், பாடல், பாடநூல், கணிப்பொறிக்கு வேண்டும் மென்பொருள், ஊரில் நடந்த திருமணத்தின் வீடியோ ஆகிய யாவும் அதில் அடங்கும். காசு பெற்றுக்கொண்டு பென் டிரைவில் பாட்டும் படமும் ஏற்றித் தருதல் அந்நாளில் இந்தியா முழுதும் கடைகளில் காணப்பட்ட வழக்கமே. பிற இடங்களில் அது ஒரு வசதி. தீவுகளில் அது தேவை.

இதனைப் பின்தங்கிய முறை என்று இகழ்வதற்கில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டெராபைட் கொள்ளும் டிஸ்க்கில் எட்டு லட்சம் கோடி பிட்டுகள் அடங்கும். அதனைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு ஒருவர் சென்னையில் கப்பலேறி மூன்று நாளில் ஹாடோத் துறையில் இறங்குகின்றார் எனக் கொள்வோம். விநாடிக்கு மூன்று கோடி பிட்டுகள், அதாவது முப்பது மெகாபிட் வேகத்தில் செய்தி வந்ததாகும். அவரே விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் வந்தாரெனில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபிட் ஆகின்றது! தீவுகள் முழுமைக்கும் வானத்திலிருந்து கிடைத்த அளவோடு ஒப்பிடத்தக்க பங்கை ஒரு தனி மனிதர் தம் பையில் கொணர்ந்துவிடுகின்றார். ஆயின் இந்தப் பெருவழி முழுவதும் இறுதியில் அரை அங்குல அகலமுள்ள ஒரு வாயின் வழியே நுழைந்தாக வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கின்றது.

அந்த வாய் எவ்வாறு தோன்றியது? 1990களின் தொடக்கத்தில் கணிப்பொறியின் பின்புறம் ஒரு குழப்பக் காடு. அச்சுப் பொறிக்கு ஒரு வகை, விசைப்பலகைக்கு ஒரு வகை, மோடத்துக்கு ஒரு வகை என வெவ்வேறு செருகிகள் இருந்தன. பலவற்றைத் திருகாணி கொண்டு முடுக்க வேண்டும். ஒருமுறை மாட்டினால் ஆண்டுக்கணக்கில் கழற்றுவதில்லை. ஆகவே தேய்மானம் என்ற வினாவே பெரிதாக எழவில்லை. 1994இல் இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம்., காம்பாக், டெக், நார்டெல், என்.இ.சி. ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி, எல்லாக் கருவிகட்கும் பொதுவான ஒரே செருகியை வகுக்க முனைந்தன. இன்டெல் நிறுவனத்தில் அப்பணியில் முன்னின்றவர் பரோடாவில் பயின்ற நம் நாட்டவராகிய அஜய் பட். 1996 ஜனவரியில் முதல் விதிநூல் வெளிவந்தது. கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகலாம், கழற்றலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. 2000ஆம் ஆண்டில் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது. அதனோடு, எப்போதோ ஒருமுறை மாட்டப்படும் என எண்ணி வகுத்த வாய், நாளுக்குப் பலமுறை திறந்து மூடும் வாயிற்கதவாக மாறிற்று.

அதன் உள்ளமைப்பைச் சற்று நோக்குவோம். பழைய நீள்சதுரச் செருகியில் நான்கு தட்டையான தகடுகள் உள்ளன. ஓரங்களில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு; நடுவில் உள்ள இரண்டும் செய்திக்கு. மின்சாரத் தகடுகள் சற்று நீளமானவை. ஆதலின் செருகும்போது முதலில் மின்சாரம் சேர்கின்றது, பின்னரே செய்தி சேர்கின்றது. கழற்றும்போது செய்தி முந்திப் பிரிகின்றது. இது நல்ல முன்யோசனை. ஆனால் அத்தகடுகளை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய வில்கள் செருகியில் இல்லை. கணிப்பொறியின் வாய்க்குள் இருக்கின்றன. செருகியின் கூட்டை இறுகப் பற்றும் நாக்குகளும் வாய்ப்புறத்திலேயே உள்ளன. வில்லே முதலில் தளர்வது. எனவே, நூறு ரூபாய்ப் பொருளைச் செருகும்போது, பல்லாயிரம் ரூபாய்ப் பொருள் தேய்ந்தது.

எத்தனை முறை தாங்கும்? இந்த நீள்சதுரச் செருகி குறைந்தது 1,500 முறை செருகிக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்பது விதி. 1,501ஆம் முறை அது பழுதாகிவிடும் என்பது இதன் பொருளன்று. அதுவரை சோதனையில் தேறியது என்பதே பொருள். நாளுக்கு ஒருமுறை செருகும் வீட்டில் நான்கு ஆண்டுக்கு மேல் ஓடும். நாளொன்றுக்கு ஐம்பது பேர் வந்து பென் டிரைவ் நீட்டும் கடையிலோ அதே 1,500 முப்பதே நாளில் தீர்ந்துவிடும்! அந்தமானுக்கு வழிநடத்திய கப்பல்கள் பழுது பார்க்கப்பட்டன, விமானங்கள் சோதிக்கப்பட்டன. வழியின் கடைசி அரை அங்குலத்தை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

இனிப் பொன்னுக்கு வருவோம். தகட்டின் அடிப்பகுதி செம்புக் கலவை, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் மிக மெல்லிய பொன் பூச்சு. மயிரிழையின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட அது இராது. பொன் துருப்பிடிக்காது, அதனால்தான் அது அங்கே இருக்கின்றது. செருகச் செருக அது தேய்கின்றது, நுண்துளைகள் தோன்றுகின்றன. உட்புறத்து நிக்கலும் செம்பும் காற்றைத் தொடுகின்றன. உலர்ந்த ஊரில் இதனால் உடனே தீங்கு விளையாது. அந்தமானிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. இரு பருவக்காற்றுகளும் வந்து பொழிகின்றன. காற்றில் எந்நாளும் ஈரம்; அந்த ஈரத்தில் கடலுப்பு. பொன் நீங்கிய இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் செம்பில் பச்சை பூக்கின்றது. நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கில் காணும் அதே களிம்புதான். விளக்குக்குப் புளி இட்டுத் துலக்கலாம். செருகுவாய்க்கு என் செய்வது?

களிம்பேறிய தொடுமுனையில் மின்தடை மிகும். பென் டிரைவ் சிறிதளவு மின்சாரமே உண்ணும். அது எப்படியோ ஓடிவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க் அவ்வாறன்று. யூ.எஸ்.பி.யின் இரண்டாம் பதிப்பு ஐந்து வோல்ட்டில் 500 மில்லியாம்பியரே தந்தது. மூன்றாம் பதிப்பு 900 தந்தது. நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க்குக்கு அதிக மின்சாரம் வேண்டும். அதற்கென்றே சில டிஸ்க்குகளோடு இரண்டு செருகிகள் கொண்ட வடம் ஒன்று தரப்பட்டது. தேய்ந்த வாயில் மின்னழுத்தம் மேலும் குறைகின்றது. டிஸ்க் ‘டிக் டிக்’ என்று முனகி நின்றுவிடுகின்றது. உரியவரோ டிஸ்க் கெட்டது என்று எண்ணிக் கவலைப்படுவார். கெட்டது வாயே என்பதை அறியார்.

இந்தப் பாடத்தை நாம் பொருள் இழந்தே கற்றோம். திருநெல்வேலிப் பக்கத்தில் நடந்த நம் உறவினர் திருமணத்தின் படங்களும் வீடியோவும் ஒரு டிஸ்க்கில் கப்பலேறி வந்தன. அத்திருமணத்துக்குச் செல்ல இயலாத முதியவர் ஒருவர் நம் வீட்டில் இருந்தார். மணமகளை எடுத்து வளர்த்தவர் அவர். டிஸ்க்கைச் செருகினோம், வாய் தளர்ந்திருந்தது. காகிதத்தை மடித்து முட்டுக்கொடுத்தோம். படங்களை இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போது, யாரோ மேசையை நகர்த்தவே, தொடர்பு ஒரு கணம் அறுந்து மீண்டது. அந்த ஒரு கணம் போதியதாயிற்று. மீண்டும் திறந்தபோது கோப்புகளில் பாதியைக் காணவில்லை. தாலி கட்டும் நேரத்தை அம்முதியவர் கடைசிவரை காணவேயில்லை.

அங்கே நடந்தது யாதெனில், டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கின்றது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் அவ்வட்டவணை அரைகுறையாக நின்றுவிடும். நூலகத்தில் நூல்கள் அனைத்தும் இருக்க, பட்டியல் மட்டும் கிழிந்துபோனதை ஒக்கும் அது. சிலவற்றைத் தேடி மீட்கலாம். எல்லாவற்றையும் மீட்பது அரிது. பிழை எவருடையது? பிறரைக் குறை கூற இடமில்லை. தளர்ந்த வாய் எனத் தெரிந்தும் காகிதத்தை நம்பியவர் நாமே. ஊரில் மற்றொரு படி எடுத்து வைக்கச் சொல்லாதவரும் நாமே.

இனி வரலாற்றின் அடுத்த கட்டத்தைக் காண்போம். தேய்மானத்தை முற்றும் ஒழித்தல் இயலாது. ஆயின் அது எங்கே விழ வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். முற்காலத் தொலைபேசி நிலையங்களில் ஊழியர் ஒருவர் பலகையின் முன் அமர்ந்து, கயிறு போன்ற வடங்களைத் துளைகளில் செருகி ஊரோடு ஊரைப் பேச வைப்பார். நாளொன்றுக்கு எண்ணிறந்த முறை செருகப்பட்ட வடங்கள் தேய்ந்தன. அவற்றைக் கழற்றி வேறு வடம் மாட்டினர். பலகை நிலைத்து நின்றது. கணிப்பொறி வகுத்தோர் இவ்வறிவுக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தனர். 2007ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மைக்ரோ யூ.எஸ்.பி. செருகியில், வில்களை வாயிலிருந்து எடுத்து வடத்தின் செருகியில் வைத்தனர். அது 10,000 முறை தாங்க வேண்டும் என விதித்தனர். இனித் தேய்வது கருவியன்று. சில ரூபாய்க்கு வாங்கும் வடமே. 2014இல் வந்த ‘சி’ வகைச் செருகியும் இந்நெறியையே பின்பற்றியது. எப்பக்கம் திருப்பினும் பொருந்துமாறு அமைந்ததால், தலைகீழாக வைத்து வலிந்து அழுத்தும் கேடும் நீங்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளில் இதனையே கட்டாயமாக்கியுள்ளது.

ஆயினும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு குறை எஞ்சியது. மூன்றாம் பதிப்புக்கென வந்த அகன்ற தட்டைச் செருகி ஆழம் குறைந்தது. வடம் பக்கவாட்டில் இழுபட்டால், வாயைப் பலகையோடு சேர்த்த ஈயப்பற்று விரிந்துவிடும். சில டிஸ்க்குகளில் அந்த வாய் டிஸ்க்கின் சொந்தப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாய் பெயர்ந்தால் வேறு வழியாக உள்ளே நுழைவதும் கடினம்.

விதிநூலை வகுத்தோர் கண்ட அறிவை, இழப்புக்குப் பின் நாமும் கையாண்டோம். கணிப்பொறியின் வாயில் ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் வடத்தைச் செருகி அப்படியே விட்டுவிட்டோம். பென் டிரைவும் டிஸ்க்கும் அவ்வடத்தின் மறுமுனையில் செருகப்பட்டன. கணிப்பொறியின் வாய் ஓய்ந்தது. வடத்தின் வாய் தேய்ந்தது. அது தளர்ந்தபோது எறிந்துவிட்டு வேறொன்று வாங்கினோம். பெரிய வித்தை அன்று. அம்மிக்கல்லைக் காக்கத் தரையைக் கொத்துவாரில்லை என்னும் அளவே. ஆயினும் ஓராண்டுக்கு முன்னரே செய்திருந்தால் அந்த முதியவர் தாலி கட்டும் நேரத்தைக் கண்டிருப்பார்.

பின்னர்க் காலம் மாறிற்று. 2018 டிசம்பர் 30 அன்று சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் இடுவதற்குப் போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் 1,224 கோடி ரூபாய்ச் செலவும் கொண்ட திட்டம் அது. 2020 ஆகஸ்டு 10 அன்று பிரதமர் அதனைத் தொடங்கி வைத்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, ரங்கத், லாங் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றுக்கும் வடம் சென்றது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்காக அதனைக் கடலில் இட்டது என்.இ.சி. நிறுவனம். 1994இல் செருகுவாயை வகுக்கக் கூடிய எழுவருள் ஒன்று அதுவே! தீவுக்குச் செய்தியைக் கையால் கொணர்வித்த வாயிலும், அந்தக் கைச்சுமையை இறக்கிய வடத்திலும் ஒரே நிறுவனத்தின் பங்கு இருப்பது வரலாற்றின் விந்தையன்றோ?

அவ்வடத்தால் பென் டிரைவின் காலம் முடிந்தது என்று எண்ணலாமா? புதிய செய்தி வடத்தின் வழியே வருகின்றது, மெய்தான். பழைய செய்தி எங்கே இருக்கின்றது? இருபது ஆண்டுகளாகக் கப்பலில் வந்து சேர்ந்த படங்களும் குரல்களும் அலமாரியில் கிடக்கும் டிஸ்க்குகளிலேயே இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வேறு படி இல்லை. எடுத்தவர் மறைந்திருப்பார், ஊரில் இருந்த படியும் அழிந்திருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, ஒரே இடத்தில் வைத்த ஒரே படி என்னாகும் என்பதைத் தீவுகட்கு ஒரு காலைப்பொழுதில் காட்டிற்று. அலை வேண்டுமென்பதில்லை, களிம்பேறிய ஒரு வாயும் அதே வேலையை மெல்லச் செய்து முடிக்கும்.

ஆகவே, தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ போர்ட் பிளேரிலோ வாழும் நாம் ஒவ்வொருவரும் இவ்வார விடுமுறையில் அப்பழைய டிஸ்க்கை எடுத்துப் பார்ப்போமாக. குளிரூட்டிய அறையிலிருந்து வெளிக்காற்றுக்கு வந்த டிஸ்க்கில் ஈரம் படியும். சற்று நேரம் விட்டுச் செருக வேண்டும். செருகியின் தலையைப் பற்றிச் செருக வேண்டும். வடத்தைப் பிடித்து இழுத்தல் ஆகாது. தளர்ந்த வாயில் முட்டுக்கொடுத்து எழுதும் வேலை செய்தல் கூடாது. கணிப்பொறியிடம் விடை பெற்ற பின்னரே டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். முதல் வேலையாக இன்னொரு டிஸ்க்கில் ஒரு படியும், ஊரில் உள்ள உறவினரிடம் ஒரு படியும், கூடுமாயின் இணையத்தில் ஒரு படியும் வைத்துக்கொள்ள வேண்டும். படி எடுத்தபின் பழைய டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி வைக்கலாம்.

எறும்பு ஊர்வதை நிறுத்த இயலாது. கல்லைக் காப்பதும் எளிதன்று. ஆனால் கல்லின்மீது ஒரு பலகையை இட்டு, எறும்பைப் பலகையின்மேல் ஊர விடலாம். பலகை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அந்தமானில் ஒரு முழ வடம் நமக்குக் கற்பித்தது இவ்வளவே.